சந்தியாவின் மொட்டையும் பியோர்க்கின் கடிதமும்

1

நேற்று நார்வேயின் தேசிய தினம். நம் ஊரில் என்றால் போலீஸ் அணிவகுப்பு, அலங்கார வண்டி, கொடியேற்றம் என்று அமர்க்களப்படும். இங்கே அதெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள். பெரியவர்கள் இரண்டு பக்கமும் நின்று கை தட்டுவார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நேற்றும் கலங்கியது, காரணம் வேறு.

சர்ச் சுவரோரம் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தபோது திருத்தணியிலிருந்து என் தம்பி குமார் கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பேண்டு வாத்தியச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“க்கா, எங்க கீற?”

“ரோட்டுல நிக்கிறேன். சொல்லுடா.”

“அந்தப் பொண்ணு கெடைச்சிடுச்சுக்கா. ரேவதி. திருவள்ளூர் தாண்டி ஒரு செங்கல் சூளைல கீது, அவங்க அம்மாவோட. வெயில்ல கல்லு திருப்பிகினு இருந்துச்சு.”

“பேசினியா?”

“ஆங், பேசினேன். ‘ஹோம்ல இருந்து வந்துகிறீங்களாண்ணா’ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். மறுபடியும் கல்லு திருப்பப் போயிடுச்சு.”

என் முன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொடியை ஆட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ரேவதியின் வயதுதான் இருக்கும். ரேவதி யார், அவள் ஏன் சூளையில் இருக்கிறாள், அதில் என் பங்கு என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து படிக்கும் நீங்கள் திட்டினால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

2

நான் இந்த ஊருக்கு வந்தது கப்பல் பட்டறையில் வேலை கிடைத்த கணவரோடும் சின்ன மகளோடும். அவர் காலையில் பட்டறைக்குப் போய்விடுவார். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை தேட மொழி வேண்டும், மொழி வகுப்பில் சேர ஒரு பதிவு எண் வேண்டும், அந்த எண் வர விசா முத்திரை வேண்டும், முத்திரைக்கு வகுப்பில் சேர்ந்த சான்று வேண்டும் என்றார்கள். நம் தாலுகா ஆபீசைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவள் நான். இங்கே ஒரே வித்தியாசம், சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்த நாளில் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது சர்ச் கூடத்தில் வியாழக்கிழமை கூடும் பெண்கள் சங்கம் ஒன்றுதான். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவும் மிஷன் சங்கம். எல்லோரும் தலை நரைத்தவர்கள். காலுறை பின்னுவார்கள், வாஃபிள் பணியாரம் சுடுவார்கள், குலுக்கல் சீட்டு விற்பார்கள். வருகிற காசை வெளிநாட்டு விடுதிகளுக்கு அனுப்புவார்கள். தலைவி பியோர்க் ஓய்வு பெற்ற டீச்சர். நல்ல உயரம், நல்ல குரல், பொய் சொல்லவே தெரியாத முகம்.

எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். சென்னைப் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எங்கே என்று விடாமல் கேட்டார். “திருத்தணி, உங்களுக்குத் தெரியாது” என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துச் சுவரில் மாட்டிய உலக வரைபடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தது. திருவாலங்காட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் விடுதிக்கு இவர்கள்தான் பல வருஷமாகப் படியளக்கிறார்களாம்!

அட முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த விடுதியைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பேன். நீல கேட், உள்ளே வேப்பமரம். அன்றிலிருந்து அந்தச் சங்கத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளர். பிள்ளைகள் தமிழில் எழுதும் வாழ்த்துகளை இவர்களுக்குச் சொல்வேன். மலையடிவாரத்தில் அரோகரா கேட்டு வளர்ந்தவளுக்கு மிஷன் சங்கத்தில் உத்தியோகம். என் மாமியார் போனில் மூன்று நாள் பேசவில்லை.

மொழி வந்தபிறகு முதியோர் இல்லத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே ஒரு கூத்து நடந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு தாத்தாவிடம் நம் வழக்கப்படி “போய்விட்டு வருகிறேன்” என்பதை அப்படியே அவர் மொழியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாவம், மனிதர் சாப்பிடக்கூடப் போகாமல் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் நர்ஸ் என்னைக் கடிந்துகொண்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதானே என்றேன். நல்ல எண்ணம் போதாது என்பதை நான் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

3

போன இலையுதிர் காலத்தில் விடுதியிலிருந்து ஆகஸ்டில் எடுத்த புதுப் படங்கள் வந்தன. ஒவ்வொரு பிள்ளையையும் சங்கத்தில் ஒருவர் தன் பிள்ளையாக வைத்துக்கொள்வது பழக்கம். ஜூனில் சேர்ந்த சந்தியா என்ற சின்னப் பெண்ணைப் பியோர்க் எடுத்துக்கொண்டார். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டுபவர்கள்.

சந்தியாவின் படத்தைப் பார்த்ததும் பியோர்க் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை தலையில் ஒரு முடி இல்லை. படம் கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவராக வாயைப் பொத்தினார்கள். ஒரு பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இவ்வளவு சின்ன வயதில்” என்றார் பியோர்க். “காதுக்குப் பின்னால் பாருங்கள், மருந்து தடவியிருக்கிறார்கள்.”

எல்லோரும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தார்கள். ஒருத்தி பைக்குள் இருந்த கம்பளி நூலை எடுத்து அங்கேயே ஒரு குல்லாய் பின்னத் தொடங்கினாள். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளிக் குல்லாய்!

படம் என் கைக்கு வந்தது. காதுக்குப் பின்னால் இருந்தது மருந்தா? காய்ந்த சந்தனம். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் போட்ட மொட்டை. திருத்தணியில் பிறந்தவளுக்கு இதை யாராவது சொல்லித் தரவேண்டுமா? எங்கள் தெருவில் மொட்டையைப் பார்த்து ஏன் என்று கேட்க மாட்டார்கள், எப்போது போட்டது என்றுதான் கேட்பார்கள். கிருத்திகை கழிந்த வாரம் எங்கள் வகுப்பில் பாதித் தலைகள் மஞ்சளாக மினுங்கும். சித்தூர்ப் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வரும் குடும்பம் வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு கும்பல், மலையிலிருந்து இறங்கும்போது வேறு கும்பல். பெற்ற அப்பனே பிள்ளையை அடையாளம் தேடுவான்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எட்டுக் கிழவிகள் நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்காக அழுதுகொண்டிருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? சொன்னேன். நோய் இல்லை, நேர்த்திக்கடன், எங்கள் மலைக்கோயிலில் முடி கொடுப்பது வழக்கம் என்றேன். பிறகு பியோர்க் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வாஃபிள் எடுத்தார்கள். யாருக்கும் துளி கோபம் இல்லை. இதை அடித்துச் சொல்கிறேன், நான் அங்கேதான் இருந்தேன்.

4

பியோர்க் டீச்சர் அல்லவா, எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் விடுதிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். சந்தியாவுக்குக் கோயிலில் முடி எடுத்ததாக அறிந்தோம், மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்வதுண்டா, இதைப் பற்றி மேலும் விளக்கமாக எழுதுங்கள் என்று கேட்டார். எந்தக் கடிதம் போனாலும் மிஷனின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நகல் போவது இவர்கள் வழக்கம். அதுவும் போனது. எனக்குக் காட்டியிருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன். காட்டவில்லை. மறைத்தார் என்றும் இல்லை, காட்டவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த வாழ்த்தில் சந்தியாவின் பெயரைக் காணோம். அவள் இடத்தில் ரேவதி என்று ஒரு புதுப் பெயர். “குடும்பத்தார் சந்தியாவை விருப்பப்பட்டு அழைத்துச் சென்றனர்” என்று ஒரு வரி. பியோர்க் முகம் வாடிப்போய்விட்டது. எனக்கு அந்த வரியே சரியாகப் படவில்லை. கரும்பு வெட்டும் பருவத்தில் எந்தக் குடும்பம் விடுதியிலிருந்து பிள்ளையை விருப்பப்பட்டு அழைத்துக்கொண்டு போகும்? என்னோடு படித்த கரும்பு வெட்டுபவர் பிள்ளைகள் பொங்கலுக்கு முன்னால் காணாமல் போவார்கள், சித்திரைக்கு மேல் வருவார்கள், பிறகு ஒரு வருஷம் வரவே மாட்டார்கள். அதற்குத்தானே விடுதி.

விடுதியை நடத்தும் பாஸ்டர் ஜெயசீலனைப் போனில் பிடித்தேன். நல்ல மனிதர். சொந்த மகளின் கல்யாணப் பாத்திரத்தை விடுதிச் சமையலுக்குக் கொடுத்தவர். நான் இந்து என்று தெரிந்தும் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். உண்மையைச் சொல்லிடறேன். எங்க ஹோம்ல பாதிப் பிள்ளைங்க வருஷத்துக்கு ஒருக்கா லீவுல போய் மொட்டை போட்டுகினுதான் வரும். நான் என்ன பண்ண முடியும்? ஏழைங்க, அவங்க நம்பிக்கை. போட்டோ எடுக்கறப்ப மட்டும் தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிடுங்கன்னு வார்டன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இந்தத் தடவை மறந்துட்டாங்க.”

“அதுக்கு ஏங்க பிள்ளையை அனுப்பினீங்க? இங்க யாரும் தப்பா எடுத்துக்கலையே.”

“நீங்க அப்படிச் சொல்றீங்க. எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க சிஸ்டர். ‘மத்த பிள்ளைங்களுக்கும் நடக்குதா’ன்னு கேட்டிருக்காங்க. காப்பி மேலிடத்துக்குப் போயிருக்கு. இதுக்கு மேல இன்னா மெமோ வேணும்? ஒரு பிள்ளைமேல நடவடிக்கை எடுத்துட்டோம்னு காட்டினாதான் மத்த பிள்ளைங்களுக்குச் சோறு.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா பஸ் கண்டக்டர். டிப்போவிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மேலே இருப்பவன் எழுதிக் கேட்கிறான் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கும் மனுஷர்கள் உலகத்தில் உண்டு என்று அவரை எப்படி நம்பவைப்பேன்?

5

குமாரை விட்டு விசாரித்துச் சந்தியாவின் அம்மா கன்னியம்மாவைப் போனில் பிடித்தேன். கரும்புக் கொல்லையிலிருந்து பேசினாள். பின்னால் கத்திச் சத்தம். சந்தியா பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டேன்.

“எங்கம்மா போறது? கைக்குழந்தையைப் பாத்துகினு கொல்லை ஓரமா குந்தியிருக்குது. நானும் அவங்க நைனாவும் வெட்டுக்குப் போனா வேற யாரு பாப்பா?”

எதற்கு மொட்டை என்று கேட்டேன். உடம்புக்கு ஏதாவது வந்து வேண்டிக்கொண்டாளோ என்று நினைத்தேன்.

“உடம்புலாம் நல்லாதாம்மா கீது. அந்த ஓஸ்டல்ல சீட்டு கெடைக்கணும்னு வேண்டிகினேன். ரெண்டு வருசமா அலைஞ்சோம். ‘முருகா, எம்பொண்ணுக்கு அந்த வெள்ளக்கார ஓஸ்டல்ல எடம் வாங்கிக் குடு, முடி எறக்கறேன்’னேன். குடுத்தாரே! கெடைச்ச அப்புறம் செலுத்தாம இருக்க முடியுமா?” கூப்பிட்ட யாருக்கோ வருகிறேன் என்று குரல் கொடுத்தாள். “எதுக்கும்மா அனுப்பிட்டாங்க? நாங்க இன்னா தப்பு பண்ணோம், அத்த மட்டும் சொல்லுங்க.”

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அடுத்த வியாழக்கிழமை சங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் நார்வே மொழி கோபத்தில் நொண்டியது. வினைச்சொல் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கம். இருந்தாலும் புரிந்தது. உங்கள் விடுதியில் இடம் கிடைத்ததற்கு நன்றியாகத்தான் அந்த அம்மா மலைக்குப் போனாள், அதற்காகத்தான் இடம் போனது என்றேன். பியோர்க் வெளுத்துப் போனார். தன் கடிதத்தால் இது நடந்திருக்கும் என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. “நான் ஒரு கேள்விதானே கேட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த முறை கடிதத்தை நானும் சேர்ந்து எழுதினேன். கீழே தமிழிலும் எழுதினேன். எங்களுக்கு யார்மீதும் கோபம் இல்லை, சந்தியாவின் மீதோ அவள் குடும்பத்தின் மீதோ எந்தத் தவறும் இல்லை, அவளைத் தயவுசெய்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு ஆகும் செலவு தனியாக அனுப்பப்படும் என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் மயிலிறகால் தடவினேன். நகல் வேண்டாம் என்று கெஞ்சினேன். பியோர்க் திகைத்தார். நகல் அனுப்பாமல் இருப்பது நேர்மையில்லை என்றார். போய்த் தொலையட்டும் என்று விட்டேன்.

மார்ச் கடைசியில் படம் வந்தது. சந்தியா நீல கேட்டுக்கு முன்னால் சீருடையில் நிற்கிறாள். தலையில் விரலளவுக்கு முடி. ஸ்கார்ஃப் இல்லை. சங்கத்தில் கை தட்டினார்கள், ஒருத்தி பாடவே பாடினாள். நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

நன்றி சொல்லலாம் என்று பாஸ்டரைக் கூப்பிட்டேன். “சந்தோஷம்தானே சிஸ்டர்? அவங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டோம்” என்றார். பேச்சுவாக்கில் ரேவதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அதை அனுப்பிட்டோம் சிஸ்டர்.”

“ஏன்?”

“லைசென்ஸ்ல இத்தனை தலைதான்னு இருக்கு. ஒரு தலை கூடுனா இன்ஸ்பெக்‌ஷன்ல சீல் வெச்சிடுவாங்க. அது சந்தியா எடத்துல வந்த பிள்ளை. அந்த எடம் வேணும்னுதானே எழுதினீங்க?”

“கோபமில்லைன்னு எழுதினோமே பாஸ்டர்! மெதுவா செய்யுங்க, வேற வழி பாருங்கன்னு கேட்டிருந்தா...”

“கோவமில்லன்னு எழுதினாதான் சிஸ்டர் நெஜமா கோவம்” என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

ரேவதி மணவூர்ப் பக்கத்துப் பிள்ளை. அப்பா இல்லை. மகளை விடுதியில் விட்ட தைரியத்தில்தான் அம்மா சூளை வேலைக்கு முன்பணம் வாங்கியிருந்தாள். பிள்ளை திரும்பி வந்ததும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. குமாரைத் தேடச் சொன்னேன். தன் கடையையும் பார்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் பைக்கை எடுத்துக்கொண்டு சூளை சூளையாக ஏறி இறங்கினான். என் ஆற்றாமைக்கு அவன்தான் கிடைத்தான்.

6

நேற்றைய ஊர்வலத்துக்கு வருகிறேன். போனைப் பைக்குள் வைத்தபோது பியோர்க் வந்தார். கம்பளிப் பாவாடை, வெள்ளிப் பொத்தான் வைத்த அவர்கள் ஊர் உடை. என் தோளை அணைத்துக்கொண்டார். “சந்தியாவுக்கு இப்போது முடி நன்றாக வளர்ந்திருக்கும், இல்லையா?” என்றார். வளர்ந்திருக்கும் என்றேன். ரேவதியைப் பற்றி இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். எழுதுவார். நகல் அனுப்புவார்.

பக்கத்தில் என் மகள் காவ்யா. ஆஸ்லோவில் படிக்கிறாள், விழாவுக்காக வந்திருந்தாள். அவளும் தோழியிடம் இரவல் வாங்கிய அதே மாதிரி உடையில்தான் இருந்தாள். பியோர்க் போனபிறகு விஷயத்தைச் சொன்னேன். நான் தமிழில் பேச, அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை.

“பியோர்க்கிடம் எல்லாவற்றையும் திறந்து சொல்லிவிடு, அம்மா. உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும்.”

“சொல்லிச் சொல்லித்தான்டி இந்தக் கதி.”

“அந்தப் பாஸ்டர் ஒரு கடிதத்துக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார்? பதில் எழுதியிருக்கலாமே.”

என்ன சொல்லிப் புரியவைப்பது? அவளுக்கு யாருடைய கடிதத்தைக் கண்டும் கை நடுங்கியதில்லை. அப்படி வளரவேண்டும் என்றுதான் கடல் தாண்டிக் கூட்டிவந்தேன், அப்படியே வளர்ந்துவிட்டாள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு தெரியாத பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது. தோழிகள் கூப்பிட்டார்கள், ஐஸ்கிரீம் வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் பாஸ்டரைக் கூப்பிட்டேன். ரேவதி கிடைத்துவிட்டாள், எப்படியாவது அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் பேசுகிறேன், கலெக்டர் ஆபீசுக்கு வேண்டுமானாலும் தம்பியை அனுப்புகிறேன் என்று மூச்சுவிடாமல் கத்தினேன். அரசு விடுதியில் கேட்டீர்களா என்றேன். கேட்டாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். லைசென்ஸில் கூட்டித் தரச் சொல்லி மனு கொடுத்தீர்களா என்றேன். கொடுத்து வருஷக்கணக்கு ஆகிறதாம்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ரேவதியைச் சேத்துக்கறோம் சிஸ்டர். நீங்க சொன்னா அதுக்கு மறுபேச்சு இல்ல. நாளைக்கே வண்டி அனுப்பறேன். யாரை அனுப்பறதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவர் குத்திக் காட்டவில்லை. கேலியும் இல்லை. மேலிருந்து வரும் உத்தரவைக் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிற குரல் அது. என்னையும் அந்த மேலிடத்தில் சேர்த்துவிட்டார்.

“சந்தியாவையா, இல்ல வேற பிள்ளையா?” என்றார். “வேறன்னா பேரு சொல்லுங்க சிஸ்டர்.”

அந்த விடுதியில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பெயரும் எனக்கு மனப்பாடம்.

“லைன்ல இருக்கீங்களா?”

இருந்தேன்.